கல்வி ஆய்வுக்கு வரும் பணம் கேள்வியை மட்டும் தேர்ந்தெடுக்கிறதா, பதிலையுமா?

அரைப்புள்ளி:

கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆசிரியர் அடிக்கடி மாறும் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளின் வாசிப்பு என்ன ஆகிறது என்பதுதான் நான் எடுக்க நினைத்த தலைப்பு. நெறியாளருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு நல்கை கொடுக்க ஆளில்லை. இதற்கிடையில் வாசிப்புப் பயிற்சிக்குச் செயலி நடத்தும் ஒரு நிறுவனம் எங்கள் துறையை அணுகியிருக்கிறது. உதவித்தொகை, டேப்லெட், குழந்தைகள் செயலியைப் பயன்படுத்திய தரவு எல்லாம் தருவார்களாம். "அதுவும் வாசிப்பு, இதுவும் வாசிப்புதானே" என்கிறார் நெறியாளர்.

முடிவைத் திருத்தச் சொல்லி நிறுவனம் வற்புறுத்தும் என்று நான் நினைக்கவில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். என் குழப்பம் வேறு. நான் கேட்க நினைத்தது ஆசிரியரைப் பற்றி. கேட்கப்போவது செயலியைப் பற்றி. ஒரு துறை முழுக்க இப்படித்தான் நகர்கிறதா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:

பணம் வருகிறதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கொள்கையெல்லாம் பட்டம் வாங்கிய பிறகு பேசலாம். பட்டம் வாங்கியதும் வேலை கிடைக்கும் வரை பேச முடியாது. வேலை கிடைத்ததும் பதவி உயர்வு வரும் வரை பேச முடியாது. ஓய்வு பெற்ற பிறகு விரிவாகப் பேசலாம்.

பழுப்புத்தாள்:

ஓய்வு பெற்றபின் விரிவாகப் பேசுகிற கூட்டத்தில் நானும் சேர்த்தி. அதனால் பேசிவிடுகிறேன்.

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி 1 கோடி டாலர் கொடுத்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதுதான் நோக்கம், நல்ல காரியம். ஆனால் அந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டுமானால் கல்லூரிக்குச் சில தகுதிகள் வேண்டும். அவற்றில் ஒன்று: சேர வரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 அலகுகள் முடித்திருக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு வகுப்பில் ஏறத்தாழ 120 மணி நேரம் உட்கார்ந்தால் ஓர் அலகு. என்ன கற்றார் என்பது கணக்கிலேயே இல்லை. ஓய்வூதியத்துக்காகக் கல்லூரிகள் இதை ஏற்றன, கல்லூரிகளுக்காகப் பள்ளிகள் ஏற்றன. நூறாண்டு தாண்டியும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அந்தக் கணக்கிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. இப்படித்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று எந்த ஆய்வாளருக்கும் யாரும் உத்தரவு போடவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த மணிக்கணக்கை இயற்கையாக அமைந்த ஒன்று போல எடுத்துக்கொண்டு மேலே ஆய்வு செய்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது நான் பணியில் இருந்தபோது உலகமெங்கும் பேசப்பட்டது. 2002-இல் சட்டமான அமெரிக்காவின் 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்தில் 'அறிவியல் அடிப்படையிலான ஆய்வு' என்ற தொடர் நூறு முறைக்கு மேல் வருகிறது. அதன்கீழ் 'ரீடிங் ஃபர்ஸ்ட்' என்ற வாசிப்புத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர். இவ்வளவு பணத்துக்கு யாருடைய பாடத்திட்டம் 'அறிவியல் அடிப்படை' உள்ளது என்று தீர்மானிப்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கும், யோசியுங்கள். சில திட்டங்களுக்குச் சாதகமாக அதிகாரிகள் நடந்துகொண்டதாகவும், மதிப்பீட்டுக் குழுக்களில் இருந்தவர்களின் சொந்த ஆதாயம் சரியாக ஆராயப்படவில்லை என்றும் அமெரிக்கக் கல்வித் துறையின் உள்தணிக்கைப் பிரிவான தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2006-இல் அறிக்கை கொடுத்தது. 2008-இல் விளைவு மதிப்பீடு வந்தது. பள்ளிகள் வாசிப்புக்கு அதிக நேரம் ஒதுக்கியிருந்தன, ஆனால் படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

பணம் கொடுப்பவர் கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார். எதை வைத்து அளப்பது, எவ்வளவு காலம் பார்ப்பது, யாரிடம் கேட்பது ஆகிய மூன்றும் அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். அதன் பிறகு பதிலில் கைவைக்க வேண்டிய அவசியம் அவருக்குப் பெரும்பாலும் இருக்காது.

சராசரிக்காரன்:

பழுப்புத்தாள் ஐயா சொன்ன கடைசிப் பத்தியை எண்களோடு சொல்கிறேன். மதிப்பீட்டு ஆய்வுகளுக்குப் புள்ளியியல் செய்வதுதான் என் பிழைப்பு.

யாரும் பொய் சொல்லாமலே விளைவு பெரிதாவதற்குப் பல வழிகள் உண்டு. முதல் வழி, சோதனைத் தாள். செயலி எந்த மாதிரிச் சொற்களைப் பழக்கியதோ அதே மாதிரிச் சொற்களை வைத்துக் கடைசியில் சோதிப்பது. செயலி பயன்படுத்தாத குழந்தைக்கு அந்தத் தாள் புதிது. ஆலன் சியுங், ராபர்ட் ஸ்லேவின் இருவரும் 2016-இல் 645 ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, ஆய்வாளர் தானே தயாரித்த சோதனையில் கிடைக்கும் விளைவு பொதுச் சோதனைகளில் கிடைப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்வதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

இரண்டாவது, யாரைக் கணக்கில் எடுப்பது. 'பரிந்துரைத்த அளவு பயன்படுத்திய மாணவர்கள்' என்று ஒரு வரி நிறுவன அறிக்கைகளில் வரும். வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று சொன்னபடி பயன்படுத்துவது எந்தக் குழந்தை? ஏற்கெனவே ஒழுங்காகப் படிக்கிற குழந்தை, கவனிக்க ஆள் இருக்கிற குழந்தை. மற்றவர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டால் செயலி ஜோராக வேலை செய்கிறது. கையில் டேப்லெட் கொடுக்கப்பட்ட அத்தனை பேரையும் கணக்கில் சேர்த்தால் அந்த விளைவு பல நேரம் கரைந்துவிடும்.

மூன்றாவது, சோர்வான முடிவு வந்த ஆய்வு அலமாரியிலேயே தங்கிவிடுவது. இதை விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரெபெக்கா வுல்ஃப், ஸ்லேவின் குழுவினரின் 2020 ஆய்வைப் பாருங்கள். கல்வி ஆய்வுகளைத் தரம் பார்த்துத் தொகுக்கும் அமெரிக்க அரசின் 'வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்' பட்டியலில் தரச் சோதனையைத் தாண்டிய ஆய்வுகளை மட்டும் எடுத்தார்கள். திட்டத்தை உருவாக்கியவர்களே பணம் கொடுத்து நடத்திய ஆய்வுகளில் சராசரி விளைவு 0.31 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை வைத்து விளைவை அளக்கும் அலகு), சுயேச்சையாக நடந்தவற்றில் 0.14. மறுபடி சொல்கிறேன், இவை மோசமான ஆய்வுகள் இல்லை. வடிகட்டியபின் மிஞ்சியவற்றிலேயே இவ்வளவு இடைவெளி.

ஒரு சுவையான விஷயம்: ஸ்லேவினே 'சக்சஸ் ஃபார் ஆல்' என்ற வாசிப்புத் திட்டத்தை உருவாக்கியவர். எந்த மூலையில் எண் வீங்கும் என்பது உள்ளிருந்தே தெரிந்தவர்.

பழுப்புத்தாள்:

அதே திட்டத்தார்தான் 'ரீடிங் ஃபர்ஸ்ட்' பணத்தில் தங்களை ஒதுக்கிவிட்டதாக முறையிட்டவர்கள். 2006 அறிக்கைக்கு வழிவகுத்த புகார்களில் அவர்களுடையதும் ஒன்று. ஆய்வாளர், விற்பவர், புகார்தாரர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கும் அளவுக்கு இந்த உலகம் சின்னது.

விற்பனைமேசை:

நான் கல்விச் செயலி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடிக்கத் தயாராக இருப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு அடிக்கவும்.

சராசரிக்காரன் சொன்ன மூன்று வழிகளும் உண்மை. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒழுங்கான ஆர்சிடி (குலுக்கிப் போட்டுச் சிலருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களோடு ஒப்பிடும் சோதனை) ஒன்று நடத்த ஒரு முழுக் கல்வியாண்டு வேண்டும், முடிவு எழுதி வெளிவர இன்னும் ஓராண்டு. அதற்குள் எங்கள் செயலியின் பாதித் திரைகள் மாறியிருக்கும், முதலீட்டாளர் அடுத்த சுற்றுக்கு எண் கேட்டிருப்பார். அவர் கேட்கும் எண் எத்தனை குழந்தைகள் தினமும் திறக்கிறார்கள் என்பது. கற்றார்களா என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

சரி, வாங்குபவராவது கேட்கிறாரா? தொழில்நுட்பமும் கல்வியும் பற்றிய யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கையில் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆர்சிடி நடத்தியவை 7 சதவீதம். அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் கேட்டபோது, வாங்குவதற்கு முன் சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற சான்றைக் கேட்டவர்கள் 11 சதவீதம். முதல் எண்ணைச் சொல்லி எங்களைத் திட்டுகிறவர்கள் இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை. கேட்காத சான்றுக்கு யார் செலவு செய்வார்கள்?

இன்னொன்று. நிறுவனத்தின் தயாரிப்பு என்பதாலேயே முடிவு பொய்யாகாது. 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளை டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் குலுக்கல் முறையில் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம். கல்வி ஆய்வில் இது பெரிய எண்.

அரசுப் பணம்தான் தூய்மையானது என்ற பேச்சும் வேண்டாம். அமெரிக்காவின் கல்வி அறிவியல் நிறுவனம் 2002 சட்டத்தில் பிறந்தது, அரசியலிலிருந்து தள்ளி இருக்கத்தான் அப்படி ஏற்பாடு. 2025 பிப்ரவரியில் அதன் 89 ஒப்பந்தங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள், மதிப்பு சுமார் 88 கோடி டாலர். பல ஆண்டு திரட்டிய தரவு பாதியில் நின்றது. தனியார் பணம் ஆய்வைச் சாய்க்கும் என்றால் அரசுப் பணம் ஒரு காலையில் இல்லாமலே போகும்.

சராசரிக்காரன்:

டெல்லி ஆய்வு நல்ல ஆய்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பள்ளி முடிந்தபின் மையத்துக்கு வந்த குழந்தைகளுக்கு மென்பொருளோடு சிறு குழுவில் ஆள் வைத்துப் பாடமும் நடந்தது. மொத்தத்தின் விளைவுதான் அந்த எண். விளம்பரத்தில் அந்த ஆள் காணாமல் போய்விடுவார்.

சுண்ணக்கட்டி:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எல்லாவற்றையும் படித்தேன். இவ்வளவு பேர் பேசியதில் வகுப்பறைக்குள் யாராவது வந்தீர்களா?

ஆய்வு என்பது எனக்கு எப்படி வருகிறது தெரியுமா? ஒருநாள் பயிற்சியாக வரும். மேடையில் ஒருவர் "ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றன" என்பார். எந்த ஆய்வு, யாருடைய குழந்தைகள், எத்தனை பேர் இருந்த வகுப்பு என்று கேட்டால் சாப்பாட்டு இடைவேளை வந்துவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் வேறொன்றை நிரூபிப்பார். முந்தைய ஆண்டு கொடுத்த அட்டைகள் பீரோவில் இருக்கும். அதை எடுத்தாலும் குற்றம், எடுக்காவிட்டாலும் கணக்குக் கேட்பார்கள்.

என்னிடம் கேள்விகள் இருக்கின்றன. நான் நிரப்பும் பதிவேடுகளும் படிவங்களும் வாரத்தில் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன? அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாசிக்கத் திணறும் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? இதை யார் ஆராய்வார்கள்? படிவம் அனுப்புகிறவர்தான் ஆய்வுக்கும் பணம் ஒதுக்குகிறவர்.

வகுப்பில் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று டென்னசியில் 1985-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். பணம் கொடுத்தது அந்த மாநிலச் சட்டமன்றம். மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, நான்கு ஆண்டு, 11,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். குலுக்கிப் போட்டு 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு என்று பிரித்தார்கள். சிறிய வகுப்புக் குழந்தைகள் முந்தினார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். இது நடந்து இவ்வளவு காலமாகியும் அதே அளவில் எத்தனை சோதனை வந்தது? சிறிய வகுப்பைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. அதற்கு உரிமம் கிடையாது, சந்தா கிடையாது. இன்னொரு ஆசிரியரை வேலைக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது யாருக்கும் லாபம் இல்லை.

அரைப்புள்ளியின் முதல் தலைப்புக்கு ஏன் பணம் கிடைக்கவில்லை என்று இனி கேட்கத் தேவையில்லை. ஆசிரியர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார் என்ற கேள்விக்கு வரும் பதிலை வாங்க ஆளில்லை.

மூன்றாம்பெஞ்ச்:

டீச்சர், வணக்கம். நேராக உட்கார்ந்துவிட்டேன்.

பழுப்புத்தாள்:

சுண்ணக்கட்டி அம்மா சொன்னதில் கடைசிப் பகுதியை மட்டும் கொஞ்சம் மாற்றுவேன். லாபம் தேடாத பணமும் இதே வேலையைச் செய்யும். அதற்கு அறக்கட்டளைகளின் கதை.

கேட்ஸ் அறக்கட்டளை 2000-இலிருந்து சுமார் 200 கோடி டாலரை அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் போட்டது. பெரிய பள்ளிகளை உடைத்துச் சிறியவையாக்குவது அதன் மையமான யோசனை. 2009 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் வருடாந்திரக் கடிதத்தில் பல பள்ளிகளில் மாணவர் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று எழுதினார். வெளிப்படையாகச் சொன்னதைப் பாராட்டலாம். ஆனால் பணம் உடனே வேறு பக்கம் திரும்பியது. திரும்பியபின், 2010-இல், நியூயார்க்கின் சிறிய பள்ளிகளைப் பற்றி எம்டிஆர்சி நிறுவனத்தின் ஆய்வு வெளிவந்தது. இடம் போதாமல் குலுக்கல் போட்டுச் சேர்த்த பள்ளிகள் அவை, அதனால் ஒப்பிடுவது நியாயமாக இருந்தது. சிறிய பள்ளியில் இடம் கிடைத்தவர்களில் நான்கு ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளி அதிகம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் கேட்ஸ் அறக்கட்டளைதான்!

அதற்குள் துறையின் பேச்சு மாறிவிட்டது. சிறிய பள்ளி பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஆசிரியர் மதிப்பீட்டைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டம் 57.5 கோடி டாலரில், அதில் பெரும்பகுதி அறக்கட்டளைக்கு வெளியிலிருந்து வந்த பணம், 2009 முதல் 2016 வரை ஓடியது. ராண்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு, மாணவர் தேர்ச்சியில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை என்றது. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு என்ன நடந்தது என்று தெரியப் பதினைந்து ஆண்டு வேண்டும். நிர்வாகக் குழுக்களுக்கு மூன்று ஆண்டே அதிகம். மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வு 123 குழந்தைகளை நாற்பது வயது தாண்டியும் பின்தொடர்ந்தது. இன்று அப்படி ஒரு முன்வரைவை எழுதி அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பி வரும்.

சராசரிக்காரன்:

சிறிய பள்ளி யோசனை எங்கிருந்து வந்தது என்பதில் என் துறைக்காரர்களுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. சிறந்த பள்ளிகளின் பட்டியலை எடுத்தால் அதில் சிறியவை அதிகம் இருக்கும். மிக மோசமான பள்ளிகளின் பட்டியலை எடுத்தாலும் சிறியவைதான் அதிகம் இருக்கும். மாணவர் குறைந்தால் சராசரி மேலும் கீழும் அதிகம் ஆடும், கணக்கே அதுதான். ஹோவர்ட் வெய்னர் இதைப் பென்சில்வேனியா தரவை வைத்து எழுதிக் காட்டினார். முதல் பட்டியலை மட்டும் பார்த்துக் காசோலை எழுதக்கூடாது.

சுண்ணக்கட்டி அம்மாவுக்கு ஒரு மாற்றுக் கருத்து. நல்ல பணம் வந்தால் நல்ல பதில் வந்துவிடும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் 2011-இல் அரசு 12.5 கோடி பவுண்டு கொடுத்துக் கல்விக் கொடை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. திட்டம் நடத்துபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு, எந்த முடிவானாலும் வெளியிட வேண்டும் என்பது விதி. நாம் கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. லோர்ட்டி-ஃபோர்க், இங்லிஸ் இருவரும் அங்கும் அமெரிக்காவிலும் நடந்த இப்படிப்பட்ட 141 பெரிய சோதனைகளை 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 12 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். சராசரி விளைவு 0.06. பலவற்றில் பலன் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை.

எனக்கு 0.06 பிடித்திருக்கிறது. நேர்மையாக அளந்தால் கல்வியில் மாற்றம் இப்படித்தான் தெரியும். ஆனால் 0.06-ஐ வைத்து யாரும் மாநாட்டுக்கு அழைக்கமாட்டார்கள், அடுத்த நல்கையும் கிடைக்காது. இதே காரணத்தால்தான் ஒருவர் செய்ததை இன்னொருவர் திருப்பிச் செய்து பார்ப்பதே இல்லை. மேக்கெல், பிளக்கர் இருவரும் 2014-இல் கல்வித் துறையின் முன்னணி 100 ஆய்விதழ்களை அலசியதில், மீள்சோதனை என்று சொல்லத்தக்கவை 0.13 சதவீதம். ஆயிரம் கட்டுரைக்கு ஒன்று, ஒன்றே கால். இதற்கு எந்த நிறுவனத்தையும் திட்ட முடியாது. புதுமை என்று எழுதினால்தான் பதவி உயர்வு என்று நாமே வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

மட்டுறுத்துநர்:

இந்த இடத்தில் "ஸ்கோபஸ் இதழில் உத்தரவாத வெளியீடு, கல்வியியல் கட்டுரைகளுக்குச் சலுகை" என்று வந்த விளம்பரப் பதிவை நீக்கியிருக்கிறேன்.

மூன்றாம்பெஞ்ச்:

ஏன் நீக்கினீர்கள்? இழையிலேயே தலைப்புக்கு நேரடியாகப் பொருந்திய பதிவு அதுதான்.

விற்பனைமேசை:

சிரித்தாலும் விஷயம் இருக்கிறது. ஏற்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கட்டணம் வாங்கும் ஆய்விதழுக்கு, நிராகரிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் நஷ்டம். எங்களைச் சந்தை என்கிறீர்கள், அதை அறிவுலகம் என்கிறீர்கள்.

அரைப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று தெளிவாகிவிட்டது. நான் மறுத்தால் அந்தப் பணம் என் பழைய தலைப்புக்கு வராது, வேறொருவருக்குப் போகும், அவ்வளவுதான். இப்போதைக்கு நான் அதை ஏற்கும் மனநிலையில் இருக்கிறேன். ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. அதில் "வெளியிடுவதற்கு முன் நிறுவனத்தின் ஒப்புதல் பெற வேண்டும்" என்று ஒரு வரி. தரவு "ஆய்வுக் காலம் வரை" கிடைக்கும் என்று இன்னொரு வரி. வேறு எங்கே கண் வைக்க வேண்டும்?

விற்பனைமேசை:

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், என் மேலாளர் இந்தத் தளத்துக்கு வரமாட்டார் என்ற நம்பிக்கையில்.

'ஒப்புதல்' என்பதை 'முன்கூட்டியே பார்வைக்கு அனுப்புதல்' என்று மாற்றச் சொல்லுங்கள். இத்தனை நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், அதற்குமேல் தடுக்க முடியாது என்று நாள் குறித்து எழுத வேண்டும். நாள் குறிக்காவிட்டால் கோப்பு எங்கள் சட்டப் பிரிவில் தூங்கும், உங்கள் பட்டமும் தூங்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும். முதல் வரைவில் 'ஒப்புதல்' என்று போடுவது வழக்கம், கேட்காதவர்களுக்கு அப்படியே நின்றுவிடும்.

தரவு விஷயம் அதைவிட முக்கியம். நாங்கள் தொகுத்துக் கொடுத்த அட்டவணையை வாங்காதீர்கள். மூலப் பதிவுகளைக் கேளுங்கள். அது பல்கலைக்கழகத்தின் சர்வரில் இருக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தாலும் வெளியிட்ட கட்டுரையைச் சரிபார்க்கும் உரிமை இருக்க வேண்டும். இடையில் செயலியின் பதிப்பு மாறினால் தேதியோடு தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரியும் போடுங்கள். நாங்கள் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம்.

சராசரிக்காரன்:

தரவைத் தொடும் முன்னரே பகுப்பாய்வுத் திட்டத்தைப் பொதுத் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். எந்தச் சோதனை, எந்த வகுப்பு, யாரெல்லாம் கணக்கில், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னால் "அந்தப் பள்ளியை விட்டுவிடலாமே" என்று தொலைபேசி வரும்போது பதிவைக் காட்டலாம், சண்டை போட வேண்டாம். சோதனைத் தாள் நிறுவனத்துடையதாக இருக்கக் கூடாது. சேர்த்த எல்லாக் குழந்தைகளையும் கணக்கில் வையுங்கள், பரிந்துரைத்த அளவு பயன்படுத்தியவர்களைத் தனி அட்டவணையில் காட்டிக்கொள்ளலாம்.

பழுப்புத்தாள்:

நீங்கள் இருவரும் சொன்னது பதிலைக் காப்பாற்றும். கேள்வி போனது போனதுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு யோசனை. அரைப்புள்ளி, செயலியின் மூலப் பதிவுகள் உங்களுக்குக் கிடைக்கும் என்றால், எந்த வகுப்பில் எந்த நாளில் பயன்பாடு எவ்வளவு என்பது தெரியும். ஆய்வு நடக்கும் ஆண்டில் அந்தப் பள்ளிகளிலும் ஆசிரியர்கள் மாறத்தான் போகிறார்கள். ஆசிரியர் மாறிய வாரத்திலிருந்து பயன்பாடு என்ன ஆகிறது, வாசிப்பு மதிப்பெண் என்ன ஆகிறது? உங்கள் பழைய கேள்வி முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஆசிரியர் மாறிய பள்ளிகளின் பட்டியலை ஆய்வுத் திட்டத்தில் இப்போதே எழுதிவைக்க முடியாது, ஆனால் மாறினால் இப்படிப் பார்ப்போம் என்று எழுதிவைக்கலாம்.

விற்பனைமேசை:

அதை 'ஆசிரியர் மாற்றத்தின் விளைவு' என்று வரைவில் எழுதினால் எங்கள் ஆட்கள் ஏன் என்று கேட்பார்கள். 'செயலாக்கத்தின் சீர்மை' என்ற தலைப்பின் கீழ் வையுங்கள், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஒளிப்பது போல இருக்கிறது என்று வருந்த வேண்டாம். அந்தத் தகவல் எங்களுக்கும் தேவை, கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

அரைப்புள்ளி:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மூல ஆய்வுக் கேள்வியாகவே இரண்டாவதாகச் சேர்த்து எழுதிவிட்டேன், தலைப்பை ஒளிக்கவில்லை. நெறியாளர் படித்துவிட்டு நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னார். ஒப்புதல் வரியையும் மாற்றிக் கேட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஆசிரியர் மாறிய தேதியைப் பள்ளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். போதுமா?

சுண்ணக்கட்டி:

போதாது. மாறுதல் ஆணையின் தேதி ஒன்று, ஆசிரியர் உண்மையில் வகுப்பை விட்டுப்போன நாள் இன்னொன்று, புதியவர் வந்து சேர்ந்த நாள் மூன்றாவது. நடுவில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அது எந்த ஆணையிலும் இருக்காது, செயலியிலும் இருக்காது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், அதோடு பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் பேசுங்கள்.